முந்தானையை முதலில் விரிப்பவர்

இதை எழுத உட்கார்ந்ததுமே அவர் குரல் காதில் விழுகிறது. "கடைசில இன்னா ஆச்சு, அத்த சொல்லும்மா மொதல்ல." சொல்ல மாட்டேன். என்னை அவர் படுத்திய பாட்டுக்கு இந்த ஒரு தடவையாவது காத்திருக்கட்டும்.

அவர் என் கணவரின் அக்கா. எனக்கு நாத்தனார் முறை, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவர், கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வருகிறவர்களுக்குப் புடவை எடுத்து விரித்துக் காட்டுகிற வேலை. காலையில் கடைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வந்ததும் காலை நீட்டிக்கொண்டு ஒரு நாவலைப் பிரிப்பார். பிரிப்பது எப்போதும் பின்னாலிருந்துதான்.

கடைசிப் பக்கத்தை நின்றவாக்கிலேயே படித்துவிடுவார். "ம்ம், சேந்துடறாங்க" என்றோ, "பாவி, சாவடிச்சிட்டான்" என்றோ தனக்குள் சொல்லிக்கொள்வார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து முதல் பக்கத்துக்கு வருவார். வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்றால் தொடவே மாட்டார். தொடர் முடிந்து, யாராவது பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி, அது வாடகை நூலகத்துக்கு வந்து சேரும்வரை பொறுத்திருப்பார். முடிவு தெரியாமல் ஒரு வாரம் இருப்பதைவிட, முடிவோடு கிடைக்கும் என்று ஒரு வருஷம் காத்திருப்பது அவருக்குச் சுலபம்.

சினிமாவுக்குப் போனால் மானம் போகும். முந்தின ஆட்டம் விட்டு வெளியே வருகிற கூட்டத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் யாராவது ஒரு அம்மாளாகப் பார்த்து நிறுத்துவார். "ஏம்மா, கடைசில ஈரோ பொழச்சிக்கிறானா?" வரிசையில் எங்கள் பின்னால் நிற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இவர் யாரோ நான் யாரோ என்று சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நான் வந்த அன்று, பால் பழம் கொடுத்த கையோடு என்னைக் கேட்டார். "சண்ட வந்தா நீ அம்மா வூட்டுக்குப் போற ஆளா, இல்ல இங்கியே கத்தித் தீத்துக்கிற ஆளா? இப்பவே சொல்லிடு." எனக்குச் சுருக்கென்றது. "கத்தித் தீத்துக்கிற ஆளுதான்" என்றேன். "அப்ப சரி" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். சொன்னபடியே அவரோடு நிறையக் கத்தியிருக்கிறேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "இது இன்னா பழக்கம் அண்ணி? கடைசி தெரிஞ்சிட்டா அப்பறம் கதையில இன்னா இருக்குது?"

"கடைக்கு வர்றவங்க பொடவையில எத்த மொதல்ல பாக்குறாங்க? முந்தானைய. நெய்யறப்ப அது ஒரு கோடியில நிக்கிது. நான் அத்தத்தான் மொதல்ல விரிக்கிறேன். அது புடிச்சிடுச்சின்னா அப்பறம் ஒடம்பு, கரை எல்லாத்தையும் நிதானமா பாப்பாங்க. கடைசி தெரிஞ்சாதாம்மா நடுவுல இருக்கிறத நிம்மதியா பாக்க முடியும்."

சொல்லிவிட்டுப் பாதியில் விட்ட நாவலை மறுபடி பிரித்தார்.

இப்படிப்பட்டவர் தன் கண் விஷயத்தில் மட்டும் கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அவருக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். எல்லாம் வலது கண்ணை நம்பித்தான். அந்த வலது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்க ஆரம்பித்திருக்கிறது. அது ஆவணி மாதம், முகூர்த்தக் கூட்டம் கடையை அடைத்துக்கொண்டு நிற்கிற நேரம். யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் பெண் வீட்டார் கும்பலாக உட்கார்ந்திருக்கும்போது, புடவையின் முந்தானைப் பக்கத்தை விட்டுவிட்டு இடுப்பில் செருகும் உள் நுனியை விரித்துக் காட்டிவிட்டு, "பாருங்கம்மா முந்தானைய" என்றாராம். கூட வேலை செய்கிறவர் பயந்துபோய் எங்களுக்குப் போன் செய்தார்.

சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம். விழித்திரை விலகிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் ஆனது. கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்திருக்கிறோம், விலகின இடத்தை அதுதான் அழுத்திப் பிடித்து ஒட்ட வைக்கும், அதனால் அது கரைகிறவரை முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். நிமிர்ந்தால் வாயு வேறு பக்கம் போய்விடும், விழித்திரை மறுபடி விலகும், இன்னொரு தடவை ஒட்ட வைக்க முடியுமா என்று சொல்ல முடியாது. சாப்பாடு, தூக்கம், கொல்லைப்பக்கம் போவது எல்லாமே தலையைக் கவிழ்த்தபடிதான்.

"கல்யாணத்தன்னிக்குக் கூட நான் இப்பிடிக் குனிஞ்ச தல நிமிராம இருந்ததில்லம்மா" என்றார் அண்ணி. முதல் நாள் மட்டும்தான் இந்தச் சிரிப்பு. இரண்டாம் நாளே பாயில் கவிழ்ந்தபடி நெளிய ஆரம்பித்துவிட்டார். வெளியில் யார் பேசினாலும் "யாரும்மா அது?" என்று கழுத்து மேலே வரும். நான் ஓடிப்போய்ப் பின்னந்தலையில் கையை வைப்பேன். படிக்க முடியாது, டிவி பார்க்க முடியாது, கடைக்குப் போக முடியாது. அந்தத் தலையைக் கீழே வைத்திருக்க எனக்கு ஏதாவது ஒரு வழி உடனே வேண்டியிருந்தது.

அப்போதுதான் பீரோவில் கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி லீவுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன இ-ரீடர். பலகை மாதிரி வெள்ளையாக, ஸ்லேட்டைவிடச் சின்னதாக இருக்கும். ஆயிரக்கணக்கில் புத்தகம் அடங்கும், வாசித்தும் காட்டும் என்று சொல்லியிருந்தான். நான் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, காஞ்சிபுரத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரித்தால் திரையில் ஒரு படமும் நாலு வரி இங்கிலீஷும் இருந்தன. மேலே ஒட்டியிருக்கும் காகிதம் என்று நினைத்து என் கணவர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். வரவில்லை. நானும் சுரண்டினேன். கடைசியில் தம்பிக்குப் போன் போட்டால், "அக்கா, அது ஸ்டிக்கர் இல்ல, ஸ்க்ரீனே அதான்! கிழிச்சிடாதீங்க" என்று அலறினான். சார்ஜரின் கால்கள் இரண்டும் தட்டையாக இருந்தன, நம் ஊர் பிளக்கில் நுழையவில்லை. எலெக்ட்ரிக் கடைக்குப் போய் அதற்கு ஒரு மாற்றுச் சொருகி வாங்கி வந்து மாட்டினால் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்து, சார்ஜ் ஏறி, ஒருவழியாக உயிர் வந்தபோது அது நெட்வொர்க்கைத் தேடு என்றது. எங்கள் தெருவில் எங்கே தேடுவது? "அத்த விட்டுடுக்கா. வயர கம்ப்யூட்டர்ல சொருகு, பென் டிரைவ் மாதிரி தெறக்கும். ஆடியோவுக்குன்னு ஒரு போல்டர் இருக்கும், அதுல போடு" என்றான் தம்பி.

கொடுக்கும்போதே அவன் இரண்டு இங்கிலீஷ் ஒலிப்புத்தகங்களை அதில் போட்டிருந்தான். ஒன்றை ஓடவிட்டு அண்ணியின் தலைமாட்டில் வைத்தேன். கொஞ்சநேரம் கேட்டார்.

"இவன் இன்னாம்மா, வாயில வெத்தலைய அடக்கிக்கினு பேசறான்?"

தமிழ்ப் புத்தகம் எதையாவது ஏற்றினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. தமிழில் ஒலிப்புத்தகத்துக்கு நான் எங்கே போவேன்? ஆகவே நானே வாசிப்பது என்று முடிவு செய்தேன். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆபீஸில் எனக்கு வேலை. வீட்டில் இருந்த கம்ப்யூட்டரில் குரல் பதிவு செய்கிற அளவுக்குக் கைப்பழக்கம் இருந்தது. லீவு போட்டேன். வாடகை நூலகத்திலிருந்து அண்ணி இதுவரை படிக்காத ஒரு துப்பறியும் நாவலைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒரு பங்களா, ஒரு கொலை, யார் செய்தது என்று கடைசிவரை தெரியாது.

நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். முடிவு தெரிந்துவிட்டால் அண்ணிக்கு என்ன பிடிப்பு இருக்கும்? யார் கொன்றது என்று தெரியாமல் தவித்தால்தான் அடுத்த அத்தியாயத்துக்காகத் தலையைக் கவிழ்த்துக் கிடப்பார். அதனால் தினம் கொஞ்சம், முதலிலிருந்து வரிசையாக. கடைசி அத்தியாயத்தைப் பதிவு செய்வதே இல்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

பலகையின் பொத்தான்கள் அவருக்குப் பார்க்காமலே தெரிய வேண்டும். நிறுத்தவும் ஓட்டவும் ஒன்று, அடுத்த பகுதிக்குப் போக ஒன்று என இரண்டில் மட்டும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"பொட்டெல்லாம் வெச்சிக்கினு வந்துருக்குது. குடுத்து வெச்சதுதான்."

அந்தச் சமயத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் கூடவே பதிவாகியிருந்த என் குரல் பலகைக்குப் பின்புறமிருந்து வாசிக்க ஆரம்பித்தது. அண்ணி அசையாமல் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாதம் வடிக்க எழுந்து போனேன்.

திரும்பி வந்தால் பொட்டு வைத்த பொத்தானை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறார். "இது மூணாவதோட நின்னுபோவுது. கடைசி எங்க?"

"இன்னும் படிக்கல அண்ணி. நாளைக்கு."

"யாரு கொன்னது? தோட்டக்காரனா?"

"கேட்டுக்கினே வாங்க, தெரியும்."

"என்னை வெச்சி வெளையாடறியா?" என்று இரண்டு கையையும் தரையில் ஊன்றி அப்படியே எழுந்துவிட்டார். முகம் நிமிர்ந்துவிட்டது. கட்டுப் போட்ட கண்ணோடு என்னை நேருக்கு நேர் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுபோனது. பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்துக் கவிழ்த்தேன். எதைக்கொண்டு அவரைக் கட்டிப்போடலாம் என்று நினைத்தேனோ அதுவே அவரைத் தூக்கி நிறுத்திவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். ஒரு நொடிதானே, இனிமேல் ஜாக்கிரதை என்றார்கள். அன்றே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் பதிவு செய்தேன். பெயர் வரிசையில் அதுதான் முதலில் வரும்படி எண் கொடுத்து ஏற்றினேன். அண்ணி முழுசாகக் கேட்டார்.

"டாக்டர்தான் கொன்னானா! எனக்கு அப்பவே தெரியும்" என்று பெருமூச்சு விட்டார். "சரி. இப்ப மொதல்லேர்ந்து போடு."

அதற்குப் பிறகு அந்தத் தலை அசையவே இல்லை. கரண்ட் போய் மின்விசிறி நின்று, வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டும்போதும் கவிழ்ந்தபடி கொலைகாரன் ஒவ்வொரு இடத்திலும் எப்படி மாட்டாமல் தப்பிக்கிறான் என்று ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுத்த நாவலை எடுத்தேன், அதிலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படித்தேன்.

அடுத்த பரிசோதனைக்குக் காரில் சென்னை போனோம். டாக்டர் பார்த்துவிட்டு அண்ணியிடம் "நல்லா ஒத்துழைக்கிறீங்கம்மா" என்றார். பிறகு என் கணவரை மட்டும் வெளியே கூப்பிட்டார். திரும்பி வரும்போது வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து கொல்லையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் என்னிடம் சொன்னார். விழித்திரை ஒட்டிக்கொள்ளும், ஆனால் நடுப்பகுதி ரொம்ப நாள் விலகியே இருந்துவிட்டது. ஆள் தெரியும், நிறம் தெரியும். எழுத்துப் படிக்கிற பார்வை திரும்பாது.

"அக்காகிட்ட சொல்லாத. மனசு விட்டுப்போயி எழுந்துட்டாங்கன்னா இருக்கிறதும் போயிடும். காத்து கரையட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரே ஒரு தடவை அந்தத் தலை நிமிர்ந்ததை நானே பார்த்தவள்தானே. சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் அண்ணி கூப்பிட்டார். பலகை ஓடவில்லை, அவரே நிறுத்தி வைத்திருந்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"நல்லாதான் சொன்னாராம் அண்ணி."

"என் தம்பி காஞ்சிபுரம் வர்ற வரைக்கும் கார்ல ஒரு வார்த்த பேசல. பேசாம வர்ற ஆளா அவன்?" தரையைப் பார்த்தபடியே பேசினார். "எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருந்தப்பவும் இவன் இப்பிடித்தான் ஜன்னலப் பாத்துக்கினு நிப்பான். பொழைக்க மாட்டாருன்னு மொத வாரமே சொல்லிட்டாங்களாம். மாமனாருக்குத் தெரியும், மச்சினருங்களுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தேறிக்கினு வராரு, தேறிக்கினு வராருன்னாங்க. வூட்டுக்கு வரப்ப கட்டிக்கிறதுக்குப் புது வேட்டி வாங்கி தலமாட்டுல வெச்சிருந்தேன். அத்தத்தான் அவருக்குப் போத்துனாங்க." பலகையின் பொட்டை விரலால் தடவினார். "அத்தினி பேருக்கும் கடைசிப் பக்கம் தெரிஞ்சிருந்துச்சும்மா. நான் மட்டும் பக்கம் பக்கமா படிச்சிக்கினு இருந்தேன்."

என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பின்னந்தலையும் நரைத்த கொண்டையும்தான். அந்தக் கொண்டையைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கணவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அவர் பயம் அவருக்கு. மைக்கை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு பேசினேன். "அண்ணி, இது கதையில்ல. டாக்டர் சொன்னதச் சொல்றேன்." டாக்டர் சொன்னது எல்லாவற்றையும், ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். "இனிமே புஸ்தகம் படிக்க முடியாதாம் அண்ணி. ஆள் தெரியும், நெறம் தெரியும், நீங்களா நடமாடலாம். ஆனா அதுவும் நெலைக்கணும்னா இப்ப நீங்க தல நிமிரக் கூடாது. நிமிந்தீங்கன்னா அதுவும் போயிடும். நான் கதவுகிட்டதான் நிக்கிறேன்." இதற்கே என் குரல் மூன்று நான்கு இடத்தில் உடைந்தது. மறுபடி பேசித் திருத்தவில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் வரும்படி எண் கொடுத்துப் பலகையில் ஏற்றினேன். அண்ணியின் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுக் கதவோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

சரி அண்ணி, இதற்குமேல் உங்களைக் காக்க வைக்க எனக்கே மனசு வரவில்லை. முடிவைச் சொல்லிவிடுகிறேன். கண் ஒட்டிக்கொண்டது. டாக்டர் சொன்னபடி நிறம் திரும்பியது, எழுத்து திரும்பவில்லை. நீங்கள் மறுபடி கடைக்குப் போய் முந்தானை விரித்தீர்கள். அந்தப் பலகை கெட்டுப்போகிறவரை அதில் வாசித்தேன், அப்புறம் செல்போனில் வாசித்தேன், நீங்கள் இருக்கிறவரை வாசித்தேன். இப்போது நீங்கள் இல்லை. இனி அன்றைக்கு நடந்ததை நிம்மதியாகக் கேளுங்கள்.

அண்ணி விரலால் தடவிப் பொட்டு வைத்த பொத்தானை அமுக்கினார். என் குரலை நானே கதவோரமாக நின்று கேட்டேன். இத்தனை நீளமாகவா பேசினோம் என்றிருந்தது. "புஸ்தகம் படிக்க முடியாதாம்" என்ற இடம் வந்தது. அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் தரையில் ஊன்றின. அன்றைக்கு எழுந்தாரே, அதேபோல. தோள் மேலே வந்தது. ஓடிப்போய் அமுக்கலாமா என்று ஒரு அடி வைத்தவள் நின்றுவிட்டேன். இதை அவர்தான் செய்ய வேண்டும், நான் அமுக்கிப் பிடிக்கிற விஷயமில்லை என்று தோன்றியது.

குரல் நின்றது. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஊன்றிய கை அப்படியே இருந்தது. பிறகு மெல்ல, ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. தோள் இறங்கியது. நெற்றி தலையணையில் பழைய இடத்தில் போய்ப் பதிந்தது.

"ஏம்மா."

"இங்கதான் இருக்கிறேன் அண்ணி."

"அழுதா கண்ணுக்கு ஆவாதா? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேளு."

போனை எடுத்தேன். எண்கள் கலங்கித் தெரிந்தன, இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன். எடுத்த நர்ஸ், இருங்க கேட்டுச் சொல்றேன் என்று போய்விட்டு வந்தாள். அதுவரை கூடத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தார்.

"அழலாமாம் அண்ணி. தலைய மட்டும் தூக்கக் கூடாதாம்."

"சரி" என்றார். அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தார், குனிந்த தலை நிமிராமல்.